ஃபாதர், என்ர பிள்ளை இப்ப எங்க?

கேள்வி:

நான் யாழ்ப்பாணத்தில் கரையோரப் பங்கொன்றைச் சேர்ந்தவள். எங்கள் முதல் பிள்ளை ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டான். பெரியாஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். நுரையீரல் முதிரவில்லை என்று டொக்டர் சொன்னார். அன்று பின்னேரம் நேர்ஸ் ஒருவர் வந்து, "நீங்கள் வேதக்காரர்தானே, ஃபாதரைக் கூப்பிடட்டோ?" என்று கேட்டா. ஃபாதர் வந்தால் பிள்ளை தப்பாது என்று ஆகிவிடுமே என்ற பயத்தில் "நாளைக்குப் பார்ப்பம்" என்று சொல்லிவிட்டேன். விடியப்புறம் பிள்ளை போய்விட்டான். காலில் கட்டியிருந்த துண்டில் என் பெயர்தான் இருந்தது. அவனுக்கென்று ஒரு பெயர் எழுதவில்லை.

ஞானஸ்நானத் தண்ணி ஊத்தாத பிள்ளை ஜென்மப் பாவத்தோட போயிட்டுது, மோட்சத்துக்குப் போகாது, 31 ஆம் நாள் பூசையும் தேவையில்லை என்று மாமி சொல்கிறா. நாங்கள் எழுத்து (பதிவுத் திருமணம்) முடித்ததும், கோயில் கலியாணத்துக்கு முன்பே ஒன்றாக இருந்தோம். அந்தப் பாவம்தான் பிள்ளையின் தலையில் விழுந்தது என்றும் சொல்கிறா. சபைக்குப் போகிற என் சித்தி, "வளர்ந்தால் கெட்டுப்போவான் என்று ஆண்டவருக்கு முன்னமே தெரியும், அதனால்தான் இப்பவே எடுத்து இரட்சிச்சுப்போட்டார்" என்கிறா. கடவுளுக்கு முன்னமே தெரியும் என்றால் ஏன் தந்தார்? என்ர பிள்ளை செய்த பாவம் என்ன? அவன் இப்ப எங்க ஃபாதர்? சில இரவுகளில் நானும் அவனிட்டப் போனால் என்ன என்று வருகிறது.

பெயர் வேண்டாம்.

பதில்:

அன்புள்ள தங்கச்சி,

கடிதத்தின் கடைசி வரியை முதலில் எடுக்கிறேன். அதை எழுதினது நல்லது. பிள்ளையை இழந்த தாய்க்கு அப்படி ஒரு நினைவு வருவது பாவமோ பலவீனமோ இல்லை. ஆனால் அதைத் தனியே வைத்திருக்கக் கூடாது. இன்றைக்கே கணவரிடம் அந்த வரியைச் சொல்லுங்கள். உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கு வரும்போது அவவுக்கும் சொல்லுங்கள். பிரசவத்துக்குப் பிந்திய உடலும் மனமும் படுகிற பாடு அவர்களுக்குத் தெரியும். குடிக்கப் பிள்ளை இல்லாமல் பால் கட்டுகிற வேதனைக்கும் அவர்களிடம் வழி இருக்கும். இரவில் அந்த நினைவு இறுக்கினால் 1926 என்ற எண்ணை அழையுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் உதவித் தொலைபேசி அது, எந்த நேரமும் எடுக்கலாம், தமிழிலும் கதைக்கலாம். இனி நான் எழுதுகிற இறையியலை ஒரு கிழமை கழித்து வாசித்தாலும் பரவாயில்லை. இந்தப் பகுதியைத் தள்ளிப்போட வேண்டாம்.

சரி, கேள்விகளுக்கு வருகிறேன்.

பிள்ளை ஏன் இறந்தான் என்பதற்கு உங்களிடம் ஏற்கெனவே பதில் இருக்கிறது. டொக்டர் சொன்னதுதான் அது. மூச்சுவிடும்போது நுரையீரலின் சிறு அறைகள் ஒட்டிப்போகாமல் விரிந்து நிற்பதற்கு ஒரு வழவழப்பான பொருள் உள்ளே சுரக்க வேண்டும். ஏழாம் மாதத்தில் பிறக்கிற பிள்ளைக்குப் பெரும்பாலும் அது போதிய அளவு சுரந்திருக்காது. நீங்களும் கணவரும் எழுத்து முடித்த பிறகு எந்த வீட்டில் இருந்தீர்கள் என்பது அந்த நுரையீரலுக்குத் தெரியாது.

எழுத்து முடித்து, கோயில் கலியாணத்துக்கு முன் ஒன்றாக வாழ்வதைத் திருச்சபை சரியென்று சொல்வதில்லை. குருவானவன் என்ற முறையில் நானும் சொல்ல மாட்டேன். ஆனால் அது உங்களுக்கும் கடவுளுக்கும் இடையில் உள்ள கதை. பாவசங்கீர்த்தனத்தில் சொல்லித் தீர்க்கக் கூடியது. அதைப் பிள்ளையின் கணக்கில் எழுத எந்த மாமிக்கும் உரிமை இல்லை. யோவான் நற்செய்தி 9 ஆம் அதிகாரத்தில் பிறவிக் குருடன் ஒருவனைக் காட்டிச் சீடர்கள் கேட்டது இதே கேள்விதான்: இவன் செய்த பாவமா, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமா? இரண்டும் இல்லை என்றார் இயேசு. தகப்பனின் குற்றத்தை மகன் சுமக்க மாட்டான் என்று எசேக்கியேல் 18 ஆம் அதிகாரத்தில் அதற்கு முன்னரே எழுதப்பட்டிருந்தது. தாவீது அரசனின் பாவத்துக்காக அவன் பிள்ளை இறந்த கதையை மாமி எடுத்துக் காட்டக் கூடும். அங்கே நாத்தான் என்ற இறைவாக்கினரை ஆண்டவரே பெயர் சொல்லி அனுப்பினார். உங்கள் வீட்டுக்கு அப்படி ஒருவரும் அனுப்பப்படவில்லை.

அடுத்தது ஜென்மப் பாவம். இதைக் கொஞ்சம் ஆறுதலாகப் பார்க்க வேண்டும். நம் ஊரில் இந்தப் போதனை காதில் விழுகிற விதமே வேறு. சைவச் சூழலில் வளர்ந்த காதுக்கு அது முற்பிறப்பு வினை மாதிரிக் கேட்கிறது. பிள்ளை ஏதோ செய்துவிட்டு வந்த மாதிரியும், அதை இங்கே அனுபவிக்கிற மாதிரியும் நினைத்துவிடுகிறோம். திருச்சபையின் போதனையில் அப்படி ஒரு சொல்லும் இல்லை. 1992 இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 405 ஆம் எண்ணில் இதை நேரடியாகவே சொல்கிறது. ஜென்மப் பாவம் எந்த ஒரு மனிதரிடமும் அவர் தானாகச் செய்த குற்றத்தின் தன்மையைக் கொண்டிருப்பதில்லை, ஆதியில் மனிதருக்கு இருந்த புனித நிலையை இழந்திருப்பதே அது என்கிறது.

1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து எழும்பி ஓடின சனத்தின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் மல்லாகத்திலும் கோணப்புலத்திலும் முகாமில் பிறந்தார்கள். அப்பப்பாவின் காணியையும் கிணற்றடியையும் அந்தப் பிள்ளை கண்டதில்லை. அந்த இழப்பு உண்மையானது, பிள்ளையின் வாழ்க்கையையே அது தொடுகிறது. ஆனால் ஊர் இல்லாமல் பிறந்தாய் என்று அந்தப் பிள்ளையைக் குற்றக் கூண்டில் ஏற்ற எவருக்காவது மனம் வருமா? ஜென்மப் பாவம் என்று நாங்கள் சொல்வது இந்த வகையானது. எங்கள் எல்லாருக்கும் உரிய வீடு ஒன்று இருந்தது, அதற்கு வெளியே பிறந்திருக்கிறோம், திரும்பப் போக வழி கிறிஸ்து. இதைச் சொல்லத்தான் அந்தப் போதனை வந்தது. கைக்குழந்தைகளைக் குற்றம் சாட்டுவதற்கு வரவில்லை.

அப்படியானால் மாமி சொல்வது எங்கிருந்து வந்தது? அவராகக் கட்டினதில்லை. அவருக்கு அப்படித்தான் படிப்பித்தார்கள். அதன் வேர் ஐந்தாம் நூற்றாண்டில் இருக்கிறது. மனிதன் தன் முயற்சியாலேயே பாவமில்லாமல் வாழலாம் என்று பெலாஜியுஸ் என்ற துறவி போதித்தார். இன்றைய அல்ஜீரியாவில் இருக்கும் ஹிப்போ நகரின் ஆயர் புனித அகுஸ்தீன் அதை எதிர்த்தார். கைக்குழந்தைக்கும் கிறிஸ்து தேவை, இல்லாவிட்டால் ஏன் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறோம் என்பது அவருடைய வாதம். 418 இல் கார்த்தேஜில் கூடிய ஆபிரிக்க ஆயர்கள் அவர் பக்கம் நின்றார்கள். அந்த வாதத்தைக் கடைசி வரை இழுத்துக்கொண்டு போன அகுஸ்தீன், ஞானஸ்நானம் பெறாமல் இறக்கும் குழந்தைகளுக்குத் தண்டனை உண்டு, ஆனால் எல்லாத் தண்டனையிலும் மிக மெல்லியது என்று எழுதினார். பெரிய மனிதர், பெரிய ஞானி. இந்த இடத்தில் நான் அவரோடு நிற்கவில்லை. திருச்சபையும் அங்கேயே நின்றுவிடவில்லை.

மத்திய காலத்து இறையியலாளர்களுக்கே அது பொறுக்கவில்லை. 13 ஆம் நூற்றாண்டில் புனித தோமஸ் அக்குவினாஸ், அந்தக் குழந்தைகளுக்கு வேதனை எதுவும் இல்லை, இயற்கையான மகிழ்ச்சி ஒன்று உண்டு, கடவுளை முகமுகமாய்க் காண்பது மட்டும் இல்லை என்றார். அந்த நிலைக்கு லிம்போ என்று பெயர் இருந்தது. அது பல நூற்றாண்டுகள் ஞானோபதேச வகுப்பில் படிப்பிக்கப்பட்டது. ஞானஸ்நானம் பெறாத பிள்ளையைச் சேமக்காலையின் மந்திரித்த நிலத்தில் புதைக்காமல் வெளியே ஓரமாகப் புதைத்த வழக்கமும் இந்தக் காலத்துக்குரியது. ஜென்மப் பாவத்தைப் பற்றி 1546 இல் திரிதெந்து நகரில் ஆயர்கள் கூடிய பொதுச்சங்கம் விரிவான ஆணை வெளியிட்டது. அதிலும் லிம்போவை விசுவாச சத்தியமாக அறிவிக்கவில்லை. இன்றுவரை எந்தச் சங்கமும் அறிவிக்கவில்லை. மாமி உறுதியாகச் சொல்வது ஒரு காலத்து இறையியல் கருத்து, அவ்வளவுதான். அவரோடு சண்டைக்குப் போக வேண்டாம். அவர் தலைமுறைப் பெண்கள் சிலர், தாங்களே புதைத்த ஒரு பிள்ளையைப் பற்றி அரை நூற்றாண்டாக வாய் திறக்காமல் இருக்கிறார்கள் என்பதை நான் கண்டிருக்கிறேன். அவர் கதை எனக்குத் தெரியாது. ஆனால் ஒருக்கால் கேட்டுப் பார்க்கலாம்.

இனிச் சித்தி. அவர் உங்களைத் தேற்றத்தான் சொன்னார், அதில் சந்தேகம் இல்லை. கத்தோலிக்க வேதாகமத்தில் உள்ள சாலமோனின் ஞானம் 4 ஆம் அதிகாரத்திலும் இதற்குக் கிட்டவான ஒரு சிந்தனை உண்டு. நீதிமான் ஒருவன் இளவயதில் இறக்கிறான், தீமை அவன் மனதைக் கெடுக்கு முன் எடுத்துக்கொள்ளப்பட்டான் என்று அது சொல்கிறது. இறந்தவன் நல்லவன் என்பதே அங்கே பேச்சு. சித்தி சொன்னது அதைத் தலைகீழாக்கிவிடுகிறது. உங்கள் மகன் வளர்ந்தால் கெட்டவனாகியிருப்பான் என்கிறது. ஒரு நாளும் முழுதாய் வாழாத பிள்ளைக்கு வாழ்ந்து கெட்டவன் என்ற பெயர்.

இதை மறுத்தவர் யார் தெரியுமா? குழந்தைகள் விடயத்தில் அவ்வளவு கடுமையாக இருந்த அதே அகுஸ்தீன்தான். அவருடைய முதுமையில், தென் கால்லியாவில், அதாவது இன்றைய பிரான்சின் தெற்கில் இருந்த சில துறவிகள் இப்படி ஒரு விளக்கம் சொன்னார்கள்: ஒரு குழந்தை ஞானஸ்நானத்தோடு இறப்பதும், இல்லாமல் இறப்பதும், அது வளர்ந்திருந்தால் எப்படி நடந்திருக்கும் என்று கடவுள் முன்னறிந்ததைப் பொறுத்தது. அகுஸ்தீன் இதை அடியோடு மறுத்தார். செய்யாத செயலுக்காக, செய்யப் போவதாக இருந்ததற்காக, எவரும் தீர்ப்பிடப்படுவதில்லை என்றார். மேலே சொன்ன சாலமோனின் ஞானத்தையே சாட்சிக்கும் எடுத்தார். இனிச் செய்யக்கூடிய பாவத்துக்கும் தீர்ப்பு உண்டென்றால், தீமைக்கு முன் எடுத்துக்கொள்ளப்பட்டதால் அந்த இளைஞனுக்கு என்ன நன்மை என்று கேட்டார். குழந்தைகளோடு அவ்வளவு கடுமையாக நடந்த இறையியலாளரே போட மறுத்த குற்றச்சாட்டு அது. அதை உங்கள் மகன் மீது நீங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

என் பங்குக்கு இன்னொன்று. கெட்டுப்போகப் போகிறவர்களை முன்னமே எடுத்துக் காப்பாற்றுவதுதான் கடவுளின் வழக்கம் என்றால் பெத்லகேமின் கைக்குழந்தைகளைக் கொல்லுவித்த ஏரோது அரசனை ஏன் விட்டார்? அவனும் ஒரு காலத்தில் கைக்குழந்தைதான். அவனைத் தொட்டிலில் எடுத்திருந்தால் பெத்லகேமின் பிள்ளைகள் பிழைத்திருப்பார்கள். அந்த விதி உண்மை என்றால், எங்கள் ஊரில் பிள்ளையை வளர்த்து ஆளாக்கின ஒவ்வொரு தாயும் தன் பிள்ளை நல்லவன் என்பதற்குச் சான்றிதழ் வைத்திருக்கிறாள் என்று ஆகும். அப்படி இல்லை என்று சித்திக்கும் தெரியும். அவர் போகிற சபையில் வழமையாகச் சொல்வதும் இது இல்லை. பெந்தெகொஸ்தே, பப்ரிஸ்ற் சபைகள் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. நன்மை தீமை அறியாத வயதில் இறக்கிற பிள்ளை கிறிஸ்துவின் கிருபையால் இரட்சிக்கப்படுகிறது என்றே பெரும்பாலும் போதிப்பார்கள். யார் மீட்படைவார் என்று கடவுள் முன்னமே தீர்மானித்தார் என்கிற முன்குறித்தலைப் பற்றி மிகக் கண்டிப்பாகப் பேசின சீர்திருத்தச் சபையார்கூட, 1618, 1619 இல் நெதர்லாந்தின் டோர்ட் நகரில் கூடியபோது, குழந்தைப் பருவத்தில் கடவுள் அழைத்துக்கொண்ட தங்கள் பிள்ளைகளின் மீட்பைப் பற்றி இறைபக்தியுள்ள பெற்றோர் சந்தேகப்பட வேண்டாம் என்று எழுதி வைத்தார்கள்.

இப்போது கடவுளின் முன்னறிவு. நீங்கள் கேட்டதில் பாரமானது இது. கடவுளுக்கு முன்னமே தெரியும் என்று சொன்னவுடன் எங்கள் ஆட்களின் மனதில் எழுவது தலையெழுத்து. யாரோ நெற்றியில் எழுதிவிட்டார், அது நடந்தே தீரும். கிறிஸ்தவ விசுவாசம் சொல்கிற முன்னறிவு அப்படி எழுதுகிற வேலை இல்லை. நீங்கள் நேற்று நடந்ததை நினைக்கிறீர்கள். நீங்கள் நினைப்பதால் அது நடக்கவில்லை. அதுபோலவே கடவுள் அறிவதால் ஒன்று நடந்தே தீர வேண்டும் என்று இல்லை என்று அகுஸ்தீன் சொன்னார். 524 அளவில் மரண தண்டனையை எதிர்பார்த்துச் சிறையில் இருந்த உரோமை மெய்யியலாளர் போயெத்தியுஸ் இதை இன்னும் ஆழமாக எடுத்தார். கடவுள் காலத்தின் ஒரு முனையில் நின்று மற்ற முனையை எட்டிப் பார்ப்பதில்லை, எல்லாக் கணமும் அவருக்கு முன் ஒரே நிகழ்காலமாக நிற்கிறது என்றார். மறைக்கல்வி நூலின் 600 ஆம் எண்ணும் இதே போக்கில்தான் பேசுகிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் உங்கள் மகன் மூச்சுக்குத் திணறின அந்த இரவு கடவுளுக்கு முன்கூட்டி வந்த ஒரு தகவலாக இருக்கவில்லை. அந்த நேரத்திலேயே, அந்தப் பெட்டியருகிலேயே அவர் இருந்தார்.

ஆனால் இது உங்கள் கேள்வியின் பாதிக்குத்தான் பதில். அறிந்தது வேறு, நடத்தினது வேறு என்பதை நீங்கள் ஏற்றுக்கொண்டாலும், தடுத்திருக்கலாமே என்பது மிச்சம் நிற்கும். கடவுள் அனுமதிக்கிறார், தீமையிலிருந்தும் நன்மையை வரவழைக்க வல்லவர் என்று இறையியல் சொல்கிறது. நானும் வகுப்பில் படிப்பிக்கிறேன். இப்போதுதான் சேமக்காலைக்குப் போய் வந்த ஒரு தாய்க்கு அந்த வசனத்தை நான் சொல்லப் போவதில்லை. மத்தேயு 2 ஆம் அதிகாரத்தில், பெத்லகேம் பிள்ளைகள் கொல்லப்பட்ட இடத்தில், ராகேல் தன் பிள்ளைகளுக்காக அழுகிறாள், ஆறுதல் பெற மறுக்கிறாள் என்று இருக்கிறது. மறுத்ததற்காக நற்செய்தியாளர் அவளை ஏசவில்லை. நீங்களும் மறுக்கலாம். தெரிந்தும் ஏன் தந்தார் என்ற கேள்விக்கு மட்டும் ஒரு சிறு பதில் வைத்திருக்கிறேன். அந்தக் கேள்விக்குள், இரண்டு விடியலைக் காணாத பிள்ளையைப் படைத்தது வீண் என்ற எண்ணம் ஒளிந்திருக்கிறது. அதை நான் ஏற்க மாட்டேன், நீங்களும் உள்ளுக்குள் ஏற்கவில்லை. அவன் பிறக்காமலே இருந்திருக்கலாம் என்று உங்கள் கடிதத்தில் ஓரிடத்திலும் எழுதவில்லையே.

அவன் இப்போது எங்கே?

மறைக்கல்வி நூல் 1261 ஆம் எண்: ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தைகளைத் திருச்சபை கடவுளின் இரக்கத்தில் ஒப்படைக்கிறது. எல்லா மனிதரும் மீட்படைய வேண்டும் என்று விரும்புகிற கடவுளின் இரக்கமும், சிறுபிள்ளைகளை என்னிடம் வரவிடுங்கள் என்ற இயேசுவின் அன்பும், அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு மீட்பின் வழி உண்டு என்று நம்ப இடம் தருகின்றன என்கிறது. அதற்குச் சற்று முன் 1257 ஆம் எண்ணில் இன்னொரு வரி இருக்கிறது. கடவுள் மீட்பை ஞானஸ்நானத்தோடு பிணைத்திருக்கிறார், ஆனால் அவர் தாம் ஏற்படுத்திய அருட்சாதனங்களால் கட்டுப்பட்டவர் அல்லர். மாமிக்கு வாசித்துக் காட்ட வேண்டிய வரி ஒன்றே ஒன்றென்றால் இதைத்தான் சொல்வேன். 2007 இல் வத்திக்கானின் அனைத்துலக இறையியல் ஆணைக்குழு, திருத்தந்தை 16 ஆம் பெனடிக்ற் அவர்களின் அனுமதியோடு, இந்த ஒரு விடயத்தைப் பற்றி மட்டுமே நீண்ட ஆவணம் ஒன்றை வெளியிட்டது. லிம்போ ஒரு கருத்தாகக் கிடக்கலாம், ஆனால் அது மீட்பை அளவுக்கு மிஞ்சி ஒடுக்கிப் பார்க்கிறது, இந்தக் குழந்தைகள் கடவுளைக் காண்பார்கள் என்று நம்புவதற்குக் காத்திரமான காரணங்கள் உண்டு என்பதே அதன் முடிவு. கையில் வைத்துக் காட்டக்கூடிய உறுதி என்று அது சொல்லவில்லை, நம்பிக்கை என்றுதான் சொல்கிறது. நானும் அதற்கு மேல் போய் உங்களுக்குப் பொய்யாய் ஓர் உறுதி எழுதித் தர மாட்டேன். ஆனால் என் சொந்த மனதைக் கேட்டால், அந்தப் பிள்ளை கடவுளிடம் இருக்கிறான் என்பதில் எனக்கு இரண்டாம் எண்ணம் இல்லை.

வருடா வருடம் டிசம்பர் 28 ஆம் திகதி மாசில்லாக் குழந்தைகள் திருவிழாவைக் கொண்டாடுகிறோம். ஏரோதின் வாளுக்கு இரையான அந்தப் பிள்ளைகளில் ஒருவருக்கும் தண்ணீர் ஊற்றவில்லை. கிறிஸ்துவுக்காக இரத்தம் சிந்தினார்கள் என்பதால் திருச்சபை அவர்களைத் தனியாகவே பார்க்கிறது, உங்கள் மகனின் கதை அதுவல்ல. என்றாலும், தண்ணீர் இல்லாமல் கடவுளால் ஒரு குழந்தையையும் சேர்த்துக்கொள்ள முடியாது என்று சொல்கிறவர்களுக்கு அந்தத் திருவிழா ஒரு பதில். இன்னும் கிட்டவாகச் சொல்லட்டுமா? 1658 இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்த பிறகு கத்தோலிக்கக் குருமார் இங்கே இருக்க முடியாமல் போனது. 1687 இல் புனித யோசப் வாஸ் அடிகள் மாறுவேடத்தில் வந்து சில்லாலைப் பக்கம் தங்கும் வரை அதே நிலைதான். அந்த இடைப்பட்ட வருடங்களில் பிறந்த கையோடு கண்மூடின பிள்ளைகளை எல்லாம் கடவுள் வாசலுக்கு வெளியே நிறுத்திவைத்தார் என்று இன்றைக்குச் சில்லாலையில் போய்ச் சொல்லிப் பாருங்கள்.

உங்களை அதிகம் அரிப்பது "நாளைக்குப் பார்ப்பம்" என்ற சொல் என்று நினைக்கிறேன். அந்தச் சொல்லில் மறுப்பு இல்லை. ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் இருந்தவர்தான் நாளைக்கு என்று சொல்வார். திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1183 ஆம் சட்டம் பார்ப்பதும் இதையே: பெற்றோர் ஞானஸ்நானம் கொடுக்க எண்ணியிருந்து, அதற்கு முன் இறந்த குழந்தைகளுக்குத் திருச்சபையின் அடக்கச் சடங்கை ஆயர் அனுமதிக்கலாம். பெற்றோரின் அந்த விருப்பமே பிள்ளைக்குப் போதும் என்று 16 ஆம் நூற்றாண்டில் கஜெத்தான் என்ற கர்தினால் துணிந்து எழுதினார். திருத்தந்தை 5 ஆம் பத்திநாதர் காலத்தில் அந்தப் பகுதியை அவருடைய நூலிலிருந்தே எடுத்துவிட்டார்கள். பாவம், கொஞ்சம் முந்திப் பிறந்துவிட்டார். அவர் சொன்ன அளவுக்குத் திருச்சபை இன்றும் போகவில்லை. ஆனால் 2007 ஆவணம், திருச்சபையின் விருப்பமும் மன்றாட்டும் இந்தப் பிள்ளைகளைச் சூழ்ந்து நிற்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்கிறது.

அடுத்து வருவது உங்களுக்கு அல்ல, இதை வாசிக்கிற மற்றவர்களுக்கு. நீங்கள் தாண்டிப் போகலாம். பிள்ளைக்கு ஆபத்து என்றால் குருவானவர் வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை. தகப்பன், அம்மம்மா, நேர்ஸ், யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். கொடுப்பவர் கிறிஸ்தவராகவே இருக்க வேண்டியதில்லை, திருச்சபை எதைச் செய்கிறதோ அதைச் செய்யும் எண்ணம் இருந்தால் போதும். விடுதியின் பொறுப்புத் தாதியைக் கேட்டு, கிருமி நீக்கிய தண்ணீரில் சில துளிகளைப் பஞ்சாலோ, ஊசியில்லாத சிரிஞ்சாலோ பிள்ளையின் நெற்றியில் ஓடவிட்டு, பெயரைச் சொல்லி, "தந்தை, மகன், தூய ஆவியின் பெயராலே நான் உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறேன்" என்று சொன்னால் முடிந்தது. பிறகு பங்கில் அறிவித்துப் பதிவேட்டில் எழுதுவிக்க வேண்டும். பிள்ளை தப்பினால் ஞானஸ்நானம் இரண்டாம் தரம் கொடுப்பதில்லை, கோயிலில் மிச்சச் சடங்குகளை நிறைவேற்றுவார்கள். ஃபாதர் வந்தால் சாவு வரும் என்ற பயம் எங்கள் ஆட்களிடம் நிறைய இருக்கிறது. அந்தப் பயத்துக்கு நாங்கள் குருமாரும் ஒரு காரணம். கடைசி நேரத்தில் மட்டும் ஆஸ்பத்திரிப் பக்கம் போனால் சனம் வேறு எப்படி நினைக்கும்?

இனி 31. பூசை தேவையில்லை என்று மாமி சொன்னது பிழை. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் 1970 இல் வந்த திருப்பலி நூலிலேயே ஞானஸ்நானத்துக்கு முன் இறந்த குழந்தைக்கென்று தனி மன்றாட்டுகள் இருக்கின்றன. அவை பெற்றோரின் ஆறுதலைக் கேட்டே கடவுளிடம் போகின்றன. பங்குத்தந்தையிடம் நீங்களும் கணவருமாகப் போய் விடயத்தைச் சொல்லுங்கள். 31 ஆம் நாள் கடந்திருந்தாலும் பரவாயில்லை, உங்களுக்கு வசதியான ஒரு நாளைக் குறிக்கலாம். நவம்பர் 2 ஆம் திகதி மற்றவர்கள் சேமக்காலைக்குப் போகும்போது நீங்களும் போய் அவன் கிடக்கிற இடத்தைத் துப்புரவாக்கலாம். ஒருவரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை.

பூசைக்குக் கொடுக்கும்போது பெயரைச் சொல்லிக் கொடுங்கள். ஞானஸ்நானம் இல்லாவிட்டால் பெயர் வைக்கக் கூடாது என்று ஒரு சட்டமும் இல்லை. கர்ப்பமாக இருந்த மாதங்களில் நீங்கள் இருவரும் ஏதோ ஒரு பெயரை யோசித்திருப்பீர்கள், அதையே வையுங்கள். அவன் உயிரோடு பிறந்த பிள்ளை. பிறப்புப் பதிவில் பெயர் விடுபட்டிருந்தால் அதை எப்படிச் சேர்ப்பது என்று பதிவாளரிடம் கணவர் போய்க் கேட்கட்டும். மாமியிடம் கதைக்கிற வேலையும் அவருடையதுதான், நீங்கள் இப்போது அதற்குள் போக வேண்டாம். அவருக்கு அது கஷ்டமாக இருந்தால் இந்தப் பக்கத்தை அவவிடம் கொடுக்கச் சொல்லுங்கள். கேள்வி இருந்தால் மாமியும் எனக்கு எழுதலாம், பெயர் போட மாட்டோம்.